ஐந்து மாணவர்கள் உள்ள தமிழ் வகுப்புக்கு எந்தக் கருவி, யாருடைய துணை?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ் விரிவுரையாளராகப் புதிதாகப் பணியேற்றிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: முதலாண்டு வகுப்பில் ஐந்து மாணவர்கள், இரண்டாமாண்டில் இருவர், துறை ஒரு சிறு தொகையை ஒதுக்கி, தொழில்நுட்பத்தின் துணையோடு பாடத்தை மேம்படுத்தச் சொல்கிறது, எந்த மென்பொருளை வாங்கலாம், வேறொரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வகுப்பு நடத்தினால் பயன் உண்டா? மென்பொருளைப் பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும் இதற்குள் இரண்டு கவலைகள் இருப்பதாகப் புரிந்துகொள்கிறேன். வாரத்துக்கு ஐந்து மணி நேரத்தில் ஒருவரைத் தமிழ் பேசும் நிலைக்கு எப்படிக் கொண்டுவருவது என்பது முதற்கவலை. இருவர் மட்டுமே உள்ள வகுப்பை நிருவாகம் அடுத்த ஆண்டு நிறுத்திவிடாமல் எப்படிக் காப்பது என்பது அடுத்தது. இதே நாட்டில் இதே வேலையை இருபத்திரண்டு ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் வகுப்பில் ஒருபோதும் ஒன்பது பேருக்கு மேல் இருந்ததில்லை. ஆகவே நான் சொல்பவை சிறு வகுப்புகளுக்கே பொருந்தும், அறுபது பேர் அமரும் வகுப்புக்கு இவற்றை அப்படியே கொண்டுபோக வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசி வளர்ந்த ஒருவர் தொழில்முறையில் பயன்படுத்தும் அளவுக்குத் தமிழ் கற்க ஏறத்தாழ 1100 வகுப்பு மணி நேரம், அதாவது 44 வாரங்கள் ஆகும் என்று வகைப்படுத்தியிருக்கிறது. ஸ்பானிய மொழிக்கு அதில் ஏறக்குறைய பாதியோ சற்று அதிகமோ போதும். நம் வகுப்பு வாரத்துக்கு ஐந்து மணி, பருவத்துக்குப் பதினைந்து வாரம், ஆண்டுக்கு இரண்டு பருவம் என்று வைத்துக்கொண்டால் 150 மணி நேரம். இரண்டாண்டு முடிந்தாலும் 300-தான். வெளியுறவுத் துறை அதிகாரிகள் முழுநேர ஊதியத்தோடு படிப்பவர்கள், நம் மாணவர்கள் வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவருபவர்கள். எனவே அந்த எண்ணை நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அது காட்டிவிடுகிறது. எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வகுப்புக்கு வெளியே மாணவர் தமிழோடு கழிக்கும் நேரத்தை இது கூட்டுமா, அல்லது வகுப்புக்குள் நான் பலகையில் எழுதிப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தை மீட்டுத் தருமா? இரண்டும் இல்லையென்றால் அது அலங்காரம். 1958-இல், மொழிக் கல்விக்கும் நிதி ஒதுக்கிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்த பிறகு இந்நாட்டில் ஏராளமான பணத்தில் ஒலிநாடா மொழி ஆய்வுக்கூடங்கள் எழும்பின. அவற்றில் பல, தூசிபடிந்த காதுபேசிகள் தொங்கும் அறைகளாக முடிந்தன. ரிச்சர்ட் கிளார்க் என்ற கல்வியியலாளர் 1983-இல் எழுதிய கட்டுரையில், பாடத்தைக் கொண்டுசேர்க்கும் ஊடகத்தை மளிகைச் சாமான் ஏற்றிவரும் வண்டிக்கு ஒப்பிட்டார். சத்து சாமானில் இருக்கிறது, வண்டியில் இல்லை என்பது அவர் வாதம். அதை மறுத்தவர்களும் உண்டு. நானும் முழுக்க ஏற்பவன் அல்லன். ஆனால் விற்பனையாளர் வந்து உட்காரும்போது அந்த வண்டியை நினைத்துக்கொள்வது நல்லது.

கருவிக்கு முன்பே நீங்கள் முடிவு செய்யவேண்டியது, எந்தத் தமிழைக் கற்பிக்கப் போகிறீர்கள் என்பது. பிரெஞ்சு ஆசிரியருக்கு இந்தச் சிக்கல் இந்த அளவில் இல்லை. 'அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதுகிறோம், 'அவங்க வந்துட்டிருக்காங்க' என்று பேசுகிறோம். முதல் மாதத்திலேயே மாணவருக்கு இவை இரண்டு மொழிகளாகத் தெரியும். சந்தையில் கிடைக்கும் தமிழ்க் கருவிகளில் பெரும்பாலானவை எழுத்துத் தமிழையே அறிந்தவை. உரையை ஒலியாக்கும் செயலிகள் எழுதியதை எழுதியபடியே, செய்தி வாசிப்பவர் போலப் படிக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றைக் கேட்டுக் கேட்டுப் பழகிய என் மாணவர் ஒருவர், கோடைப் பயிற்சிக்கு மதுரை போனபோது ஆட்டோ ஓட்டுநரிடம் 'நீங்கள் எவ்வளவு பணம் கேட்கிறீர்கள்?' என்றார். ஓட்டுநர், 'என்ன சார், நியூஸ் வாசிக்கிறீங்களா?' என்று கேட்டுவிட்டு மீதிப் பேரத்தை ஆங்கிலத்தில் முடித்தார். பேச்சை எழுத்தாக்கும் கருவிகளிலும் இதே கோளாறு மறுபுறமாக இருக்கிறது. தன்னார்வலர்களிடம் குரல் திரட்டும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் போன்ற திறந்த தொகுப்புகளில் இருப்பது பெரும்பாலும் திரையில் தெரியும் வாக்கியத்தை ஒருவர் வாசித்த குரல். இருவர் பேசிக்கொள்ளும் குரல் அல்ல. 'அங்க போகாதீங்கன்னு சொன்னாரு' என்று என் மாணவி சரியாகச் சொன்னபோது செயலி அதை மூன்று துண்டாக உடைத்து எழுதியது; தன் உச்சரிப்புத்தான் தவறு என்று அவர் நினைத்துக்கொண்டார். சரியாகப் பேசியவரைத் தவறு என்று சொல்லும் கருவி, கருவியே இல்லாத நிலையைவிட மோசமானது.

பேச்சுத் தமிழில் தொடங்கி, எழுத்தை முதல் வாரத்திலிருந்தே அறிமுகப்படுத்தி, எழுத்துத் தமிழின் இலக்கணத்தை இரண்டாம் பருவத்தில் கொண்டுவருவது என் வழி. சங்க இலக்கியம் படிக்க வரும் ஆய்வு மாணவர்களுக்கு இதைத் தலைகீழாகச் செய்யும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் காரணம் இருக்கிறது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். உங்கள் ஐந்து பேரில் ஒருவராவது தமிழ் பேசும் வீட்டிலிருந்து வந்திருப்பார். டொராண்டோவில் வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்து மாணவி 'அவை வருகினம்' என்று சொன்னால், பாடநூலில் 'அவங்க வர்றாங்க' என்று இருக்கிறது என்பதற்காக அவரைத் திருத்தக் கூடாது. நான் என் முதலாண்டில் திருத்தினேன். அவர் அடுத்த பருவம் வரவில்லை.

இயந்திரம் எதை ஐயத்துக்கு இடமின்றிச் செய்யும் என்றால், மறப்பதற்கு முன் நினைவூட்டும் வேலையை. 1885-இல் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தம்மையே சோதனைப் பொருளாக்கி மறதியை அளந்த காலத்திலிருந்து, ஒரே நாளில் இருபது முறை படிப்பதைவிட நாள் இடைவெளி விட்டு நினைவுகூர்வது நிலைக்கும் என்பது திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. ஒருபுறம் கேள்வியும் மறுபுறம் விடையுமாக அட்டைகளைக் காட்டும் ஆங்கி (Anki) போன்ற அட்டைச் செயலி இதற்குப் போதும்; கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் அது இலவசம், ஐபோன் செயலிக்கு மட்டும் கட்டணம் உண்டு. ஆனால் 'மரம்' என்று ஒருபுறமும் அதன் ஆங்கிலப் பொருள் மறுபுறமுமாக அட்டை செய்வது நேர விரயம். தமிழில் மாணவரை உண்மையில் வாட்டுவது வினை. 'விழு' என்றால் 'விழுந்தான்'. 'எழு' என்றால் 'எழுந்தான்'. அந்தத் தெம்பில் 'அழு' என்பதற்கு 'அழுந்தான்' என்பார் மாணவர், அது 'அழுதான்'. 'உழு' என்பதும் 'உழுதான்'. ஏவலைப் பார்த்து இறந்தகாலத்தை முழு நம்பிக்கையோடு ஊகிக்க வழி இல்லை, மனப்பாடம்தான். ஆகவே என் அட்டையின் ஒருபுறம் ஒரு குரல் 'அவன் ஏன் இப்ப அழறான்?' என்று கேட்கும். மாணவர் 'நேத்தும் அழுதான்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அட்டையைத் திருப்ப வேண்டும். முந்நூறு வினைகளுக்கு இப்படிப் பதிவு செய்ய எனக்கு ஒரு கோடை விடுமுறை ஆனது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் ஹெரால்டு ஷிஃப்மன் முன்னின்று உருவாக்கி 2009-இல் வெளிவந்த தமிழ் வினை அகராதி, பேச்சு வடிவம், எழுத்து வடிவம் இரண்டையும் ஒலிப்பதிவோடு தருகிறது. புதிதாகத் தொடங்குபவர் அதைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். சொற்பொருளுக்குச் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் எண்ணிமத் (டிஜிட்டல்) தெற்காசிய நூலகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் ஃபாப்ரிசியஸின் தமிழ்-ஆங்கில அகராதியும் கட்டணமின்றித் தேடக் கிடைக்கின்றன. ஐபோன் செயலியைத் தவிர்த்தால், அட்டைச் செயலி, சொற்பொருள் இரண்டுக்குமாக உங்கள் தொகையிலிருந்து ஒரு டாலரும் போகாது.

அட்டைகள் வினைகளை ஏற்றுக்கொண்டதால் வகுப்பில் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் எனக்கு மிஞ்சியது. அதைப் பேச்சுக்கும் திருத்தத்துக்கும் கொடுத்தேன். திருத்தத்தைப் பற்றி ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ராய் லிஸ்டர், லைலா ரான்டா இருவரும் கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். மாணவர் தவறாகச் சொன்னதை ஆசிரியர் சரியாக்கித் தாமே திரும்பச் சொல்லிவிடுவதுதான் மொத்தத் திருத்தங்களில் பாதிக்கு மேல். ஆனால் மாணவர் கவனித்து எதிர்வினை காட்டியது மிகக் குறைவாக இருந்ததும் அந்த வகையில்தான். ஆசிரியர் நிறுத்தி, மாணவர் வாயிலிருந்தே சரியான வடிவத்தை வரவழைக்க முயன்றபோது ஒவ்வொரு முறையும் மாணவர் ஏதோ ஒரு வகையில் அதற்கு முகம்கொடுத்தார். அவை பள்ளிப் பிள்ளைகளின் வகுப்புகள், மொழியும் வேறு. ஆனால் நான் என்னையே பதிவுசெய்து கேட்டபோது அதே பழக்கம் என்னிடமும் இருந்தது. மாணவர் 'நான் நேத்து கடைக்கு போறேன்' என்கிறார். நான் 'ஓ, கடைக்குப் போனீங்களா, சரி' என்று கடந்துவிடுகிறேன். அவருக்கு நான் தலையாட்டியது மட்டுமே தெரிந்திருக்கிறது. காணொளி வகுப்பில் இது இன்னும் மோசம், குரல் அரை விநாடி தாமதித்து வருவதில் மெல்லிய திருத்தம் அடிபட்டுப்போகிறது. இப்போது 'நேத்து...?' என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப் குரல் பதிவு எங்கள் வகுப்பின் மிக மலிவான கண்டுபிடிப்பு. ஒவ்வொரு செவ்வாயும் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம், எழுதிவைத்துப் படிக்காமல், ஏதாவது ஒன்றைப் பேசி அனுப்ப வேண்டும். வியாழனுக்குள் நான் ஒரே ஒரு தவறை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடக் குரலாகவே பதில் அனுப்புவேன். ஐந்து பேருக்கு நாற்பது நிமிடம் ஆகும். முதல் வாரப் பதிவை இறுதி வாரத்தில் அவர்களுக்கே திருப்பி அனுப்பினால், தேர்வு மதிப்பெண் சொல்லாததை அது சொல்லிவிடும். தனியார் செயலியில் மாணவர் குரலை வைத்திருக்க உங்கள் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்; அனுமதி இல்லையென்றால் பாடத் தளத்திலேயே ஒலிப்பதிவு வசதி இருக்கும், சற்று முரடாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி இணைந்து நடத்துவது. மாணவர் குறைவாக உள்ள மொழிகளுக்காகக் கொலம்பியா, கார்னெல், யேல் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் 2012 வாக்கில் மெல்லன் அறக்கட்டளையின் நிதியுதவியோடு ஓர் ஏற்பாட்டைத் தொடங்கின. ஆசிரியர் ஒரு வளாகத்தில் இருப்பார். மற்ற வளாகங்களின் மாணவர்கள் அதே நேரத்தில் காணொளி வழியாக அதே வகுப்பில் அமர்வார்கள். மதிப்பலகு (கிரெடிட்) அவரவர் பல்கலைக்கழகத்திலேயே கிடைக்கும். பதிவுசெய்த விரிவுரையை அனுப்பிவைப்பது இல்லை இது, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிப் பழகும் வகுப்பு. இருவர் உள்ள உங்கள் இரண்டாமாண்டு வகுப்பை இதுபோன்ற ஏற்பாடு காப்பாற்றும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நானும் வேறொரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நான்காண்டு அப்படி நடத்தியிருக்கிறேன். நேரடி வகுப்புக்கு நிகராகக் கற்கிறார்களா என்று கேட்டால், என் கையில் இருப்பது அந்தப் பக்கம் இருந்த ஆறு மாணவர்களின் அனுபவம் மட்டுமே. படிப்பதிலும் எழுதுவதிலும் வேறுபாடு தெரியவில்லை. பேச்சில் அவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள், வகுப்பு தொடங்குமுன் வாசலில் நின்று பேசும் அந்த ஐந்து நிமிடம் அவர்களுக்கு இல்லை என்பதே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். நிறுவ முடியாது.

எங்களைத் திணறவைத்தவை எல்லாம் நாட்காட்டியும் அலுவலகமும்தான். வசந்தகால விடுமுறை இரண்டு இடத்திலும் வெவ்வேறு வாரத்தில் வந்ததால் இரண்டு வாரம் போனது. ஒரு பக்கம் வகுப்பு ஐம்பது நிமிடம், மறுபக்கம் எழுபத்தைந்து. அந்தப் பல்கலைக்கழகப் பதிவு அலுவலகம் பாட எண்ணைத் தாமதமாகத் திறந்ததில் மாணவர் ஒருவர் வேறு பாடத்துக்குப் போய்விட்டார். இணைவகுப்பின் முதலாண்டில் அந்தப் பக்கத்து மாணவர்கள் மூவரை ஓர் அறையில் ஒரே ஒலிவாங்கி முன் உட்காரவைத்தோம். யார் பேசுகிறார் என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டு விடையைக் கூட்டாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு ஒவ்வொருவரும் தனித்தனி இடத்தில் காதுபேசியோடு அமர வேண்டும் என்று மாற்றியதும் வகுப்பு உயிர்பெற்றது. பருவத்தின் இரண்டாம் வாரத்தில் நான் ஒருமுறை பேருந்து ஏறிப்போய் அவர்களோடு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்ததற்கு ஈடான எந்த மென்பொருளையும் நான் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களோடு இணைப்பது இன்னொரு வகைக் கூட்டு, எல்லாருக்கும் முதலில் தோன்றுவதும் அதுவே. பாதி நேரம் இந்த மொழி, பாதி நேரம் அந்த மொழி என்று இருவர் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் முறை ஐரோப்பிய மொழிகளிடையே நன்றாக நடந்திருக்கிறது. நம் மொழியில் அது சரிகிறது. எங்களோடு இணைந்திருந்த மதுரை மாணவியின் ஆங்கிலம் நம் மாணவரின் தமிழைவிடப் பலமடங்கு மேல். மூன்றாவது நிமிடத்தில் உரையாடல் ஆங்கிலத்துக்கு வழுக்கிவிடும், இரு பக்கமும் அதில் மகிழ்ச்சி. நேரமும் இடக்கு செய்யும். நியூயார்க்கில் காலை எட்டரை என்றால் கோடையில் சென்னையில் மாலை ஆறு. நவம்பரில் இங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது ஏழாகிவிடும், விடுதிப் பெண்களுக்கு அது படிப்பு நேரம். அந்த ஒரு மணி நேர மாற்றத்தாலேயே எங்கள் கூட்டு ஒருமுறை அறுந்தே போனது.

பிழைத்தது நேரத்துக்குக் கட்டுப்படாத வேறொரு வடிவம். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜில்பெர்ட் ஃபுர்ஸ்டென்பெர்க்கும் அவருடைய சகாக்களும் 1997-இல் தொடங்கிய 'கல்ச்சுரா' என்ற திட்டத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டேன். அமெரிக்க மாணவர்களும் பிரெஞ்சு மாணவர்களும் ஒரே சொற்பட்டியலுக்குத் தங்களுக்குத் தோன்றும் சொற்களைத் தங்கள் தாய்மொழியிலேயே எழுதுவார்கள். விடைகளை அருகருகே வைத்துப் படித்து விவாதிப்பார்கள். தனிமனிதவாதம் என்ற சொல்லுக்கு அமெரிக்கர்கள் சுதந்திரம், படைப்பாற்றல் என்று எழுத, பிரெஞ்சுக்காரர்கள் தன்னலம் என்று எழுதியது இத்துறையில் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. நாங்கள் 'விருந்தாளி', 'மரியாதை', 'தனியாக இருப்பது' என்ற மூன்றை மட்டும் எடுத்தோம். 'தனியாக இருப்பது' என்பதற்கு அங்கிருந்து 'பயம்', 'போர் அடிக்கும்', 'பாட்டி வீடு' என்று வந்தன; இங்கிருந்து 'நிம்மதி', 'நேரம்', 'வாடகை அதிகம்'. ஒரு வாரம் முழுக்க வகுப்பு அந்த 'பாட்டி வீடு' என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தது. இம்முறையில் இங்குள்ளவர் ஆங்கிலத்திலேயே எழுதுவதால் அவருக்குத் தமிழ் எழுதும் பயிற்சி இல்லை. ஆனால் பாடநூலுக்காக யாரும் தயாரிக்காத தமிழைப் படிக்கும் கட்டாயம் இருக்கிறது. எதிர்பாராதது ஒன்று: மதுரை மாணவர்கள் பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்துகளில் அடித்து அனுப்பினார்கள், ழகரத்துக்கு ஆளுக்கொரு எழுத்து. தடைசெய்ய நினைத்துப் பிறகு விட்டுவிட்டேன். அவற்றைத் தமிழ் எழுத்துக்கு மாற்றும் வேலையை மாணவர்களுக்குக் கொடுத்தபோது, லகர ளகர ழகர வேறுபாட்டை அவர்கள் முதன்முறையாகத் தாங்களே தேடிப் பார்த்தார்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் துறைத் தலைவர் கேட்பார். எனக்குத் தெரிந்த வரையில், ஆசிரியரின் மேசையில் அவை பயன்படுகின்றன: ஒரு செய்தியை எளிய சொற்களில் சுருக்கித் தரச் சொல்லி, வந்ததைத் திருத்திக்கொண்டால் அரை மணி நேரம் மிச்சமாகிறது. மாணவரோடு தனியே பேசவிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. நான் பார்த்தபோது 'பேச்சுத் தமிழில் எழுது' என்றால் ஒரே பத்தியில் சென்னையும் கோயம்புத்தூரும் யாரும் பேசாத ஒரு கலவையும் வந்தன. முதலாண்டு மாணவருக்கு அதைப் பிரித்தறியும் காது இல்லை. இந்தக் கருவிகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன, ஆகவே இதை இன்றைய கருத்தாக மட்டும் கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கிடையேயான கூட்டு எல்லாவற்றிலும் மலிவானது, எல்லாவற்றிலும் குறைவாக நடப்பதும் அதுவே. வட அமெரிக்காவில் தமிழ் கற்பிக்கும் நாங்கள் ஒவ்வொருவரும் 'சந்தையில்' என்ற பாடத்தைத் தனித்தனியாக எழுதியிருக்கிறோம். பகிர்ந்தாலும் நிலைக்கும் வடிவத்தில் பகிர வேண்டும். தொண்ணூறுகளில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு என்று தட்டச்சு செய்த பாடங்கள், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) பரவிய பிறகு குப்பை எழுத்துகளாகத் தெரிந்தன. இணையத்தில் அசையும் பயிற்சிகளைச் செய்ய உதவிய ஃபிளாஷ் மென்பொருளில் உருவாக்கியவை 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு அடோபி அதைக் கைவிட்டபோது திறக்காமலே போயின, என்னுடையவை நாற்பது. அன்றிலிருந்து ஒலியைச் சாதாரண ஒலிக்கோப்பாகவும் உரையை ஒருங்குறியில் வெறும் உரைக்கோப்பாகவும் தனித்தனியே வைத்திருக்கிறேன். மேலே எந்தச் செயலியைப் போர்த்தினாலும் அடியில் இவை இருக்கும்.

ஆக, உங்கள் தொகைக்கு என் பரிந்துரை: நான்கு நல்ல ஒலிவாங்கிகள், இணைவகுப்பு அமைந்தால் அங்கே ஒருமுறை போய்வரும் செலவு, மீதி முழுவதும், உங்கள் ஊரிலோ தமிழ்நாட்டிலோ, ஒவ்வொரு மாணவரோடும் வாரம் அரை மணி நேரம் தமிழில் மட்டும் பேசுவதற்கு இருவருக்கு மணிக்கணக்கில் ஊதியம். ஊதியம் பெறுபவர் ஆங்கிலத்துக்கு வழுக்க மாட்டார் என்பது நட்பு முறை இணைப்பில் கிடைக்காத நன்மை. ஒதுக்கீட்டுப் படிவத்தில் 'மென்பொருள், கருவி' என்ற தலைப்பு மட்டும் இருந்தால் ஊதியத்தை அதில் காட்ட முடியாது. தலைப்பை மாற்ற முடியுமா என்று கணக்குப் பிரிவில் இப்போதே கேட்டுவிடுங்கள், பல பல்கலைக்கழகங்களில் நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது.